பாறைக் காட்சியின் வசனம்

“உன்னை வெட்டிக் கடல்ல வீசிடுவேன்” என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினான். பக்கத்தில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். அந்தக் கடற்கரை ஊரில் எடுக்கும் படங்களில் வில்லன் குரல் என்றால் அவன்தான். மைக்கை விட்டு ஓரடி நகர்ந்தால் போதும், அந்தக் குரல் எங்கே போய் ஒளியுமோ தெரியாது. அதுவும் நாயகிகளுக்குக் குரல் கொடுக்கும் இந்தப் பெண்ணிடம், இத்தனை வருஷத்தில் அவன் தானாகப் பேசிய ஒரே வாக்கியம், ஃபேனைப் போடட்டுமா என்பதுதான்.

அவனுடைய அக்கா அதே கட்டடத்தில் எடிட்டர். சின்ன வயதில் ஒரு காய்ச்சலோடு காது போய்விட்டதால், எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். இந்தப் பெண்ணைக் கண்டால் தம்பியின் உதடு அசைவதே இல்லை என்பதையும் படித்து வைத்திருந்தாள்.

போய்ச் சொல்லித் தொலையேன் என்று திட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கையில் வசனம் இல்லாமல் தனக்குப் பேச வராது என்று அவன் கைவிரித்துவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் பழைய படம் வந்து சேர்ந்தது. அந்த ஊர்க்கடற்கரையில் எடுத்த முதல் பேசும் படம். திரைப்படக் காப்பகத்தார் தூசி தட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். உப்புக்காற்று ஒரே ஒரு சுருளின் ஒலியைத் தின்றுவிட்டது. பாழாய்ப்போன அந்தச் சுருளில்தான் பாறைக் காட்சி இருந்தது.

நாயகன் பாறைமேல் நின்று நாயகியின் கைகளைப் பிடித்து, கண்கலங்க ஏதோ சொல்வான். அவள் அழுதுகொண்டே தலையாட்டுவாள். அவ்வளவுதான் காட்சி, ஆனால் ஊரில் கல்யாணம் நிச்சயமான ஜோடி எல்லாம் முதலில் அந்தப் பாறையில் ஏறி நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்ளும். அலை இரைச்சலில் பதிய முடியாமல், குரலைப் பிற்பாடுதான் சேர்த்திருந்தார்கள்; அந்த ஒலிக்கு வேறு பிரதியும் இல்லை.

படத்தை அந்தக் காலத்தில் பார்த்தவர்களை விசாரித்தார்கள். சாகும்வரை பிரியமாட்டேன் என்கிறான் என்றார் ஒருவர். இல்லவே இல்லை, எங்கம்மா சம்மதித்துவிட்டாள் என்கிறான் என்றார் இன்னொருவர். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. திரையிடும் நாளை ஊரெல்லாம் சொல்லிவிட்ட காப்பகத் தலைவி, அந்த இடத்தை ஊமையாகத்தான் ஓட்டவேண்டும் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை ஓட்டிப் பார்த்ததுமே அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பழைய காலத்து நடிப்பு என்று மழுப்பினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அரைநாள் உட்கார்ந்து, ஒரு காகிதத்தோடு வெளியே வந்தாள்.

நாயகன் குரலுக்குத் தம்பியின் கட்டைக் குரல்தான் பொருந்தும், நாயகிக்கு அந்தப் பெண்ணையே போடலாம் என்றாள். யாரும் மறுக்கவில்லை.

திரையைப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஒவ்வொரு வார்த்தை முடியும்போதும் நாயகனின் உதடு ஒரே மாதிரி குவிகிறதே என்று கேட்டாள். அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அக்கா பேச்சை மாற்றிவிட்டாள்.

பதிவு தொடங்கியது. எத்தனையோ பேரை மைக்கில் வெட்டிச் சாய்த்தவனுக்கு, ‘கண்ணு’ என்று சொல்வதற்குள் வியர்த்துக் கொட்டியது. உதடு ஒட்டுகிறது, உயிர்தான் ஒட்டவில்லை என்று ஒலிப்பதிவாளர் சலித்துக்கொண்டார். அக்கா உள்ளே வந்து, தம்பியின் தாடையைப் பிடித்துத் திரையிலிருந்து அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.

அவன் அவளையே பார்த்துச் சொன்னான்.

“கண்ணு, நின்னு பாரு. எனக்கு வேறு யாரு? சேர்ந்து வாழு.”

திரையில் நாயகன் வாயை மூடிவிட்டான். இவன் மூடவில்லை.

“இது படத்துக்கு இல்லீங்க. நெசமாவே நான்தான் கேக்கறேன்.”

நாயகிக்கு அங்கே வசனமே கிடையாது, தலையாட்டல் மட்டும்தான். இந்தப் பெண்ணோ மைக்கை நெருங்கி வந்து, “சரி” என்றாள்.

ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்த மறந்து எழுந்து நின்றார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே இரண்டு பேர் உதட்டையும் படித்துவிட்ட அக்கா, கையிலிருந்த டீ தளும்பத் தளும்ப வராந்தா முழுக்க ஆடிக்கொண்டே போனாள்.

திரையிட்ட அன்று கடற்கரையில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். பாறைக் காட்சியில் அந்தக் கட்டைக் குரல் எழுந்ததும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு விசிலும் கைத்தட்டலும் அலையோசையை அமுக்கிவிட்டன. பேச்சை முறித்துக்கொண்ட பெரியவர்கள் இருவரும், நான் சொன்னதும் இதேதான் என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். காப்பகத் தலைவி மூக்கை உறிஞ்சினாள்.

அக்காவுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் அக்காவின் தோளைத் தொட்டுத் திருப்பி, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். “உண்மையைச் சொல்லுங்க அண்ணி. பாறைமேல அந்த நாயகன் என்னதான் சொல்றார்?”

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதேபோல உதட்டை மட்டும் அசைத்தாள்.

“வசனம் மறந்துபோய், எட்டு வரைக்கும் எண்ணுறாரு.”