கண்டக்டரின் மிச்ச வார்த்தை

"இன்னும் ஒரே ஒரு வாய், மாமா" என்று கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினான் இளவழகன். தலையில் கட்டோடு கிடந்த அமிர்தலிங்கம் விழுங்கிவிட்டு, "ரைட்" என்றார்.

வார்டே உருகியது. பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்றார்கள்.

இளவழகன் தலை நிமிராமல் கிழவரின் வாயைத் துடைத்துவிட்டான். மூன்று வாரத்துக்கு முன்னால், பொழுது மசங்குகிற நேரத்தில், குடவாசல் ரோட்டில் இவரை டிராக்டரால் தட்டிவிட்டு நிற்காமல் போனவன் அவன்தான். வேறு சாட்சி கிடையாது. கிழவரின் மகள் சிங்கப்பூரில் இருக்க, "பக்கத்து வீட்டுக்காரன், நான் பார்த்துக்கறேன்" என்று ஓடி வந்தது அவர் வாயைக் காவல் காக்கத்தான்.

வாயில் பேச்சில்லை. அடிபட்ட தலையிலிருந்து எல்லா வார்த்தையும் இறங்கிப் போக, முப்பது வருஷம் பஸ்ஸில் கோடி தடவை கத்திய 'ரைட்' மட்டும் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. பசித்தால் கெஞ்சுகிற ரைட். உப்பு குறைந்தால் கூரையைப் பெயர்க்கிற ரைட். முதுகு சொறியச் சொல்லி முழ நீளத்துக்கு ஒரு ரைட். அகராதி போட்டால் நாலு வால்யூம் வரும். அதில் ஏதாவது ஒரு ரைட், 'இவன்தான்' என்று சொல்லிவிடுமோ என்று காது கொடுத்துக் கேட்டே இளவழகன் பாதியாக இளைத்திருந்தான்.

பக்கத்துக் கட்டில் சித்தீக் பாய் சிரித்தார். "தம்பி, இவரு தூக்கத்துல பாபநாசம் இறங்கு, அய்யம்பேட்டை இறங்குன்னு உசுரை வாங்குறாரு. நானே ரெண்டு தடவை கட்டிலை விட்டு இறங்கிட்டேன்!"

"உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான் பாய்."

பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். இளவழகன் டம்ளரை வைத்துவிட்டுக் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டான்.

"பெரியவரே, இடிச்சது லாரியா?"

"ரைட்."

"காரா?"

"ரைட்."

"அப்ப ஏரோப்ளேனா?"

"ரைட்!"

வார்டு சிரித்தது. சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சட்டென்று இளவழகனைக் காட்டினார். "இவன் யாரு, தெரியுதா?"

ஃபேன்கூட நின்றுவிட்டதுபோல இருந்தது. அமிர்தலிங்கம் அவனை உச்சி முதல் உள்ளங்கால்வரை, டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ரைட்."

"விளங்கினாப்லதான்." நோட்டு மூடியது. "அடையாளம் தெரியாத வண்டின்னு எழுதி முடிச்சிடறேன். நீ இவரை நல்லாப் பாத்துக்க தம்பி."

பூட்ஸ் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. சித்தீக் பாயை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று வாரத்தில் முதல்முறையாக இளவழகன் நெஞ்சு நிறைய மூச்சு விட்டான். நாளையிலிருந்து இந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். தூக்குவாளியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் கம்பியைப் பிடித்துக் காய்த்த கை. கிழவர் அவனைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இனிமேலாவது லைட்டைப் போட்டுட்டு ஓட்டு, மாப்ளே."