மாப்பிள்ளைமார்

“அந்தப் பெண்டுகளைப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சோதிக்க வேணும். நோய் வருத்தம் இருந்தால் அடைச்சு வைக்க வேணும். இதை அந்த மனிசியிட்டைச் சொல்லும், டெல்சி. பூசி மெழுகாமல் சொல்லும்.”

றெஜினோல்ட் எழுந்து நின்று முழங்கினான்.

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் தமிழ்க் கத்தோலிக்கர் கூடுகிற மண்டபம் அது. அதே தெருவில், நாலு கட்டடம் தள்ளி, ‘அந்த மாதிரி’ வீடு ஒன்று திறந்துவிட்டது. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. விலைமாதரைக் கட்டாயமாகச் சோதிக்கும் சட்டம் முந்தின வருடம்தான் இல்லாமல் போயிருந்தது. முறைப்பாட்டைக் கேட்க, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், நகரச் சுகாதார அலுவலகத்திலிருந்து லிண்ட்னர் என்ற பெண் அதிகாரி வந்திருந்தார்.

றெஜினோல்டுக்கு டொச் மொழி ஏறவே இல்லை. கடையில் பாண் வாங்குவதென்றாலும் விரலால்தான் காட்டுவான். அதனால் மொழிபெயர்க்க மனைவி டெல்சியைக் கூட்டி வந்திருந்தான்.

டெல்சி வெள்ளிக்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் முதற்பிள்ளை. வெள்ளிக்கிழமை மருத்துவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். இரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறதாம். உறவால் தொற்றுகிற நோய். ஊசி போட்டால் மாறிவிடும். ஆனால் கணவரும் வந்து போட வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குத் திரும்பவும் தொற்றும், பிள்ளையையும் விடாது. திங்கட்கிழமை டெர்மினுக்கு, குறித்த நேரத்துக்கு, இரண்டு பேரும் வாருங்கள்.

நாளைக்குத் திங்கள்.

டெல்சிக்கு றெஜினோல்டைத் தவிர வேறு ஆண் தெரியாது. ஆனால் அதை யார் நம்புவது? வாயைத் திறந்ததும் முதற்கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும்: “ஆரிட்டை வாங்கினனீ?”

“முந்தி அந்த வீட்டுச் சன்னல் திரை நீலம். இப்ப சிவப்பாக்கி வைச்சிருக்குதுகள், வெக்கங்கெட்டதுகள்,” என்றார் சங்கத் தலைவர் அலோசியஸ்.

“அண்ணை திரையெல்லாம் வடிவாத்தான் பாத்திருக்கிறியள்,” என்றாள் பின்வரிசையில் இருந்த யோசப்பீன் அக்கா. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது.

றெஜினோல்ட் சிரிக்கவில்லை.

“பகிடி விடாதேங்கோ அக்கா. வருத்தத்தைக் கொண்டு வாறதே பொம்பிளையள்தான். ஒருத்திக்கு அந்த வருத்தம் எண்டால், அவள் எங்கை போனவள் எண்டு கேக்கவும் வேணுமோ? என்ரை வீட்டிலை எண்டால், அண்டைக்கே வாசலுக்கு வெளியிலை.”

டெல்சி அவனைப் பார்த்தாள். இவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? பிள்ளை?

“என்ன பாத்துக்கொண்டிருக்கிறீர்? சொல்லுமன்.”

சொன்னாள். தன்னைத்தானே பிடித்து அடைக்கச் சொல்வதுபோல் இருந்தது. லிண்ட்னர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார். டெல்சி வசனம் வசனமாகத் தமிழாக்கினாள்.

“இனி ஒருத்தரையும் பிடிச்சுச் சோதிக்க ஏலாதாம். ஆரெண்டாலும் பேர் சொல்லாமல் வந்து இரத்தம் குடுக்கலாமாம். உந்தச் சட்டங்கள் எப்பவும் பொம்பிளையளைத்தான் பிடிச்சதாம். விக்டோரியா ராணி காலத்திலேயே இங்கிலாந்துப் பொம்பிளையள் எதிர்த்து நிண்டவையாம். ஆம்பிளையை விட்டுட்டு எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறியள் எண்டு.”

“அது இங்கிலாந்து,” என்றான் றெஜினோல்ட். “இஞ்சத்தையான் கதையைச் சொல்லச் சொல்லும்.”

லிண்ட்னர் மேலும் ஏதோ சொன்னார். டெல்சி ஒரு சொல்லில் தடக்குப்பட்டாள்.

“அந்த வீட்டுப் பெண்கள் தாங்களாவே வந்து சோதிச்சுக்கொண்டு போகினமாம். வராதது… வராதது மாப்பிள்ளைமாராம்.”

“எந்த மாப்பிள்ளைமார்?” அலோசியஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

டெல்சி யோசித்துப் பார்த்தாள். அவள் வேலை செய்யும் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் கதைகளில் அந்தச் சொல் வரும். அரசகுமாரியைப் பெண் கேட்டு, வரிசையாகக் குதிரையில் வந்து இறங்குவார்கள்.

“அவ ‘ஃப்றையர்’ எண்டு சொன்னவ, அண்ணை. ஃப்றையர் எண்டால் பொம்பிளை கேட்டு வாற மாப்பிள்ளை.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

“அங்கை போய்ச் சீதனமும் பேசுகினமோ?” என்றார் ஒருவர்.

மனைவியால் மானம் போவதை றெஜினோல்டால் தாங்க முடியவில்லை.

“விசர்க்கதை கதையாதையும். ஃப்றையர் எண்டால் மாப்பிள்ளையோ? காசு குடுத்துப் போற ஆம்பிளையளடி. அங்கை அப்பிடித்தான் சொல்லுறவளவை.”

சிரிப்பு அப்படியே நின்றது.

எல்லாரும் றெஜினோல்டைத் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாத லிண்ட்னர் மட்டும், என்ன நடந்தது என்று முகம் முகமாகப் பார்த்தார்.

“அங்கை எண்டால் எங்கை, தம்பி?” என்று கேட்டாள் யோசப்பீன் அக்கா.

றெஜினோல்ட் கதிரையில் உட்கார்ந்தான். அவன் பார்வை ஒருமுறை டெல்சியின் பக்கம் வந்து, தாங்காமல் நிலத்துக்கு இறங்கியது. இரண்டு நாளாக அவளுக்குள் கிடந்த பயம் இப்போது அவன் முகத்தில் இருந்தது.

டெல்சி அவன் பக்கம் குனிந்தாள். மண்டபத்துக்குக் கேட்காமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“நாளைக்குக் காலமை எனக்கு மருத்துவரிட்டை டெர்மின். மாப்பிள்ளையும் கட்டாயம் வர வேணுமாம்.”