ஞாயிற்றுக்கிழமை நாற்றம்

"தலையை நல்லா உள்ளே விட்டு மோந்து பாரு சடையா. நேத்து சாயங்காலம் 'சுத்தமா ரெடி சார்'னு நீ சொல்லிட்டுப் போன வண்டி இது."

மெக்கானிக் சடையன் பானட்டுக்குள் குனிந்தான். மோந்து பார்க்கவே தேவையில்லை. அணுபுரத்தில் அந்தத் தெரு முழுக்கப் பெட்ரோல் பங்க் மாதிரி மணத்தது.

"அதே எடந்தான் சார். பம்புலேர்ந்து கார்புரேட்டருக்குப் போற ரப்பர் ஹோஸு. கிளிப்பு லூசாயிகீது."

"மூணு வாரமா அதே கிளிப்பு! சனிக்கிழமை நீ முறுக்குறே, ஞாயித்துக்கிழமை காலையில அது அவுத்துக்குது. ஏம்பா, கிளிப்புக்குக் கிழமை தெரியுமா?"

ரவிச்சந்திரன் புறப்படத் தயாராக வெள்ளைச் சட்டையில், நாலடி தள்ளியே நின்றார். ஒவ்வொரு நட்டுக்கும் காரணம் கேட்பாரே தவிர, ஒன்றையும் தொட மாட்டார். கசிவு இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, 'இல்லை' என்று கையெழுத்துப் போடுவதுதான் அணுமின் நிலையத்தில் அவருடைய உத்தியோகம். வீட்டு வாசலிலேயே ஒரு கசிவு வந்து மானத்தை வாங்கினால் கோபம் வராதா?

மகள் சஹானாவுக்குச் சென்னையில் பிரசவம் ஆகியிருந்தது. அவளையும் கைக்குழந்தையையும் திருவான்மியூரிலிருந்து அழைத்து வர வேண்டும். சஹானா பிறந்தபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இதே ஃபியட்டில்தான். பேரனும் இதில்தான் வருவான், தானே ஓட்டி வருவேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன், "வாடகைக் கார்ல கொண்டுவந்து விடறேனே மாமா" என்றதற்கு, "என் வண்டிக்கு என்ன கேடு?" என்று போனை வைத்தார்.

வண்டி அதை ஒட்டுக்கேட்டதோ என்னவோ, அந்த வாரமே கேடு வந்துவிட்டது; ஞாயிறுக்கு ஞாயிறு பயணம் தள்ளிப்போனது.

"பச்சக் குழந்தையை இந்த நாத்தத்துல எப்படி உட்கார வெக்கிறது?"

"நாத்தத்த வுடு சார். சூட்டு இஞ்சின் மேல ஒரு சொட்டு வுயுந்தா மொத்தமும் பூடும். பேஜாரு சமாச்சாரம் இது."

ரவிச்சந்திரன் மகளுக்குப் போன் செய்ய உள்ளே போனார். போகிற வழியில் இடப்பக்கம் இருந்த பூந்தொட்டியில் இடித்துக்கொண்டு, தொட்டியைத் திட்டிவிட்டுப் போனார்.

அவர் மனைவி ராஜம் காபி கொண்டுவந்தாள். சடையன் வாங்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனக்கக் கூடாது. இந்தக் கிளிப்பு தானா லூசாவல. ஸ்குரூவப் பாரும்மா, புதுசா கீறல் கீது. யாரோ திருப்பிகீறாங்க. சாரு இன்னாடான்னா, சடையன் டுபாக்கூருன்னு புதுப்பட்டினம் பூரா சொல்லிகினு கீறாரு. என் பேரும் சேந்து நாறுதும்மா."

ராஜம் டம்ளரைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"நான்தாம்ப்பா."

"நீங்களா?"

"மெதுவாப் பேசு. அவருக்கு சர்க்கரை. இடது கண்ணு போயிடுச்சு. ஒத்துக்க மாட்டேங்கறார். நெம்மேலிகிட்ட ஒரு சைக்கிள்காரரை உரசிட்டார்ப்பா. அந்த மனுஷர் ரோட்டோரம் விழுந்து கிடக்கறார். நான் கத்தறேன், இவர் 'யாரு விழுந்தா?'ங்கறார். நிஜமாவே தெரியல அவருக்கு. நல்லவேளை, சிராய்ப்போட போச்சு."

"சார்கிட்ட பட்டுனு சொல்ல வேண்டியதுதானே?"

"கண் டாக்டர்கிட்டப் போகலாமான்னு கேட்டதுக்கே ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. அந்த ஸ்டீயரிங்கை விடச் சொன்னா ஒடிஞ்சு போயிடுவார். அதுக்காகப் பேரனை அதுல ஏத்தி..."

"அதுக்குன்னு மூணு வாரமும் பெட்ரோலோட வெளையாடுவாங்களாம்மா?"

"முதல் வாரம் மட்டும்தாம்ப்பா. தீப்பிடிக்கும்னு அன்னிக்கே நீ சொன்னியே, அப்புறம் நான் கிட்டவே போகல. சத்தியமா."

சடையன் தலையாட்டினான். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாருமே ஒரே ஒரு தடவைதான் செய்திருப்பார்கள் என்பது அவன் அனுபவம். அம்மாவை மேலும் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

ரவிச்சந்திரன் வெளியே வந்தார். "என்னப்பா, முறுக்கிட்டியா?"

சடையன் தொண்டையைச் செருமினான். "கிளிப்பு இல்ல சார். டேங்கே துருப்புடிச்சு ஓட்டயாயிகீது. இனிமே ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. கட்டி இயுத்துகினுதான் போவணும். எப்ப ரெடியாவும்னு என்னால சொல்ல முடியாது சார்."

சொல்லிவிட்டு, விழப்போகும் வசவுக்காகக் காத்து நின்றான். எங்கே ஓட்டை, காட்டு என்பார். எவ்வளவு பெரிய ஓட்டை, எப்படி விழுந்தது என்பார்.

"அப்படியா" என்றார் ரவிச்சந்திரன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வண்டியே சரியில்லைங்கறப்போ நாம என்ன பண்ண முடியும்? மாப்பிள்ளையையே வாடகைக் கார்ல கூட்டிட்டு வரச் சொல்லிடறேன்."

சாவியை அவரே சடையன் கையில் வைத்து, அவன் விரல்களை மூடிவிட்டார்.

ராஜத்தின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? பேரன் எதுல வந்தா என்ன, பத்திரமா வந்தா சரி." சட்டைப்பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

முகத்தருகே கொண்டுபோன ராஜத்தின் கை அப்படியே நின்றது. கைக்குட்டை முழுக்கப் பெட்ரோல் வாசனை.