கோடு தெரியாத மேசை

வெவ்வேறு ஊரில் இருப்பவர்களின் படங்களை ஒரே சட்டகத்தில் கோடு தெரியாமல் ஒட்டித் தருவதுதான் எபனேசரின் பிழைப்பு. தூத்துக்குடியில் அவனும், ஆஸ்லோவில் நர்ஸ் வேலை பார்த்த அவன் மனைவி ரோஸ்லினும் நான்கு வருடமாக அப்படித்தான் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி மேசை. இடது பாதியில் அவன், வலது பாதியில் அவள். இரண்டு கேமராப் படங்களையும் ஒட்டிக் காட்டும் சுவர்த்திரையில் பார்த்தால் தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். நடுவைத் தாண்டி நீட்டினால் மட்டும் கை மணிக்கட்டோடு மறைந்துவிடும். ஆரம்பத்தில் இருவரும் நீட்டிப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

அவள் வேலையை உதறிவிட்டு ஊர் வந்து சேர்ந்த அன்று, மதியத்துக்கு நண்டுக் குழம்பு வைத்திருந்தான். குளித்துவிட்டு வந்தவள் யாரும் சொல்லாமலே வலது பாதியில் உட்கார்ந்தாள். திரையில் இன்று ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒரே கேமராவில் இருவரும் விழுந்திருந்தார்கள்.

"ஏட்டி, எளைச்சிட்ட," என்றான், திரையில் இருந்தவளிடம்.

"என் பங்கையும் சேத்து நீங்க தின்னுருக்கீங்க. தொப்பையப் பாருங்க," என்றாள், அவளும் திரையைப் பார்த்து.

பக்கத்தில் அவள் ஈரத்தலையின் வாசனை அடித்தது. எந்தத் திரையும் அதைக் கொடுத்ததில்லை. அவள் கையைப் பிடித்துவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் தவித்தது. கை மேசையின் நடுவரை போய், தானாக நின்றது.

ரோஸ்லின் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சிரித்தாள்.

"இன்னைக்கு ஒட்டு சுத்தமா விழுந்துருக்குங்க. கோடே தெரியல."