அச்சு காயும் வரை

மர்ரேவின் வாயை அடைத்தபோது ஸ்டாவ்ரோஸின் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. இருபது வருட நண்பனாயிற்றே என்ற இரக்கமே இல்லாமல் கண், கன்னம், கழுத்து என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனான். முகத்தில் மூக்கின் இரண்டு ஓட்டைகளை மட்டும் விட்டுவைத்தான்.

“மூச்சு வருதா? வந்தா கட்டைவிரலைக் காட்டு.”

மர்ரே காட்டினான். கொலையெல்லாம் இல்லை, பேய்க்கு முகமூடி செய்ய அச்சு எடுக்கிறார்கள்.

செத்துப்போன பாடகன் ஒருவன் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, தன் பாட்டைத் திருடிய கூட்டாளிகளைப் பாடியே கொல்கிற கதை. பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போன மர்ரே, ஆஸ்திரேலியாவின் வயாலா ஊரில் தன் வீட்டுத் தகரக் கொட்டகையிலேயே எடுத்துத் தள்ளுகிற படங்களில் இது இன்னொன்று. இயக்கம், பாட்டு, பேய் எல்லாம் அவனேதான்.

பல் டாக்டர் அச்சு எடுக்கிற பசையைத் தடவி, அதன் மேல் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றிவிட்டால், காயும் வரை வாயைத் திறக்க முடியாது. கையைத் தூக்கினால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். உடனே எல்லாவற்றையும் பிய்த்துவிடுவார்கள், அச்சு பாழாகிவிடும். அந்த விதியைப் போட்டவனே மர்ரேதான்.

“துணி பத்தல மாப்ள. காதை விட்டுடறேன்” என்றான் ஸ்டாவ்ரோஸ்.

காதில்லாமல் என்ன அச்சு? மர்ரேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் மட்டும் திறந்திருந்தால் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பான். அவன் பேச ஆரம்பித்தால் அடுத்தவர் வாய் திறக்க முடியாது என்பது தெருவுக்கே தெரியும்.

ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த ஃபுட்டி பந்தாட்ட வர்ணனை சட்டென்று நின்றது. கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது. மனைவி நோலின் வந்திருக்கிறாள், டீ வாசனை வந்தது.

“இவனுக்குக் கேக்குமா?” என்று கேட்டாள்.

“மாவுக்கட்டுக்குள்ள இடி விழுந்தாலும் கேக்காது. சொல்லு.”

மர்ரே உள்ளுக்குள் சிரித்தான். மடையன், காதை மூடாததை அதற்குள் மறந்துவிட்டான்.

“குரல் கட்டி மாசக்கணக்காச்சு. கேட்டா, பேய்க்கு இந்தக் குரல்தான் எடுப்பா இருக்குங்கறான்” என்றாள் நோலின்.

“பசை தடவறப்போ கழுத்துல கை பட்டுச்சு. கோலிக்குண்டு மாதிரி உருளுது, நோலின்.”

“தெரியும். அவன் தூங்கறப்போ தினமும் தொட்டுப் பாக்கறேன். பெருசாயிட்டே வருது.”

மர்ரேவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவனும்தான் தினமும் சவரம் செய்யும்போது தொட்டுப் பார்க்கிறான். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

“அடிலெய்டு டாக்டர்கிட்ட ரெண்டு தடவை நாள் வாங்கினேன். மொதல்ல ஷூட்டிங்னு சொல்லிட்டான். அடுத்த தடவை நான் பேச்செடுத்ததுமே வண்டியைக் கிளப்பிக்கிட்டுப் போயிட்டான்.”

“கல்லறைத் தோட்டத்துல விடிய விடியப் படுத்துப் படம் எடுக்கறவன், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் பயப்படறானா?”

“அவங்கப்பாவுக்கும் தொண்டையிலதான் ஆரம்பிச்சுது. அவரும் இப்படித்தான் ஆறு மாசம் ஏமாத்தினார். அப்புறம் டாக்டரால ஒண்ணும் செய்ய முடியல.”

போதும், நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தொண்டைக்குள் ஒரு முனகல் புறப்பட்டு அங்கேயே செத்தது. எழுந்து ஓடவும் வழியில்லை, கண்ணும் தெரியவில்லை. அப்பாவின் கடைசி நாட்கள் அந்த இருட்டுக்குள் வந்து அவன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டன. மர்ரேவுக்குப் பயமாக இருந்தது, நிஜமான பயம். கை தானாக மடியிலிருந்து எழும்பியது.

“கையைத் தூக்கறானா?” என்று நோலின் பதறினாள்.

தூக்கினால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். பிறகு பதில் சொல்லியாக வேண்டும். மர்ரே கையை மெல்ல இறக்கி, கட்டைவிரலைக் காட்டினான்.

“ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கான்” என்றான் ஸ்டாவ்ரோஸ்.

நோலினின் குரல் இறங்கிவிட்டது. “இவன் எடுத்த படம் ஒண்ணுகூட எனக்குப் பிடிக்காது, தெரியுமா? இருந்தும் ஒவ்வொரு படத்துக்கும் பீட்ரூட்டை வேகவெச்சு ரத்தம் காய்ச்சித் தரேன். இவன் போயிட்டா நான் அந்தப் படங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? வர்ற வியாழக்கிழமைக்கு மறுபடியும் நாள் வாங்கியிருக்கேன். இதுக்கும் வரமாட்டான்.”

கூரையில் மேக்பை பறவை ஒன்று தத்தும் சத்தம் கேட்டது. மூடிய இமைகளுக்குள் வெந்நீர் தேங்கியதுபோல் இருந்தது, துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லை.

“காஞ்சிடுச்சு. கன்னத்தை ஆட்டு மாப்ள” என்றான் ஸ்டாவ்ரோஸ் கடைசியில்.

அச்சு சளக்கென்று கழன்று வந்தது. வெளிச்சத்தில் மர்ரே கண்ணைக் கசக்கினான். இரண்டு கண்ணும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன.

“சனியன் பிடிச்ச பசை, கண்ணெல்லாம் எரியுது” என்று கரகரத்தான். பிறகு முகம் நிறையச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டான். “உள்ள கும்மிருட்டு, ஒரு சத்தம் கேக்கல. ரெண்டு பேரும் உங்களுக்குள்ள என்ன வம்பளந்தீங்க?”

ஸ்டாவ்ரோஸ் அச்சைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நோலின் ஈரத்துண்டால் கணவனின் கழுத்தைத் துடைத்தாள். ஓர் இடத்தில் அவள் கை நின்றது, அங்கேயே இருந்தது.

“எங்களுக்குள்ள பேசல மர்ரே. உன்கிட்டதான் பேசினோம்.”