கங்காணி வீட்டுச் சேவல்

"சேவலைத் தூக்கிக்கிட்டு ஓடினது இந்த வீரய்யாதான்னு நிச்சயமாச் சொல்றீங்களா?"

வக்கீல் முத்துலிங்கம் கேட்டதும், சாட்சிக் கூண்டில் நின்ற கான்ஸ்டபிள் ராசிக் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நிச்சயமாத்தான் ஐயா. காமன் கூத்து அன்னிக்கு ராத்திரி, பெரிய கங்காணி வீட்டுக் கோழிக் கூட்டுக்கிட்ட என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். தொரத்தினேன். தேயிலைக்குள்ள பூந்து தப்பிச்சிட்டாரு. மறுநாள் லயத்துல வச்சுப் புடிச்சேன்."

குற்றவாளிக் கூண்டில் வீரய்யா தலை குனிந்து நின்றார். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மனிதர். வழக்குத் தோற்றால் தோட்டத்துத் துரை வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார். தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். அவர் மனைவி வேலாயி பின் பெஞ்சில் கைக்குழந்தையோடு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஒரு சேவலுக்காக ஒரு குடும்பமே தெருவில் நிற்பதா என்ற ஆத்திரத்தோடு முத்துலிங்கம் அடுத்த கேள்வியைப் போட்டார்.

"அப்ப அவர் என்ன உடுத்தியிருந்தார்?"

 ராசிக் கூரையைப் பார்த்தார். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த போலீஸ் சார்ஜனைப் பார்த்தார்.

"சாரம்... இடுப்புல நீலச் சாரம் ஐயா."

"மேலுக்கு?"

"கம்பளி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாரமா?"

"சாரம்தான்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

முத்துலிங்கம் கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இந்தக் கட்டத்துக்காகவே காலையில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"கனம் நீதவான் அவர்களே! காமன் கூத்தில் மன்மதனுக்கு ஜோடியான ரதி வேஷத்தை ஆண்தான் கட்டுவார். அன்றைக்கு ரதி, இதோ நிற்கும் வீரய்யா! பொழுது சாயக் கட்டிய பட்டுச் சேலையை விடிந்த பிறகுதான் அவிழ்த்தார். தோட்டமே சாட்சி. துரையே நாற்காலி போட்டுப் பார்த்திருக்கிறார். அது மட்டுமா? காப்புக் கட்டியவர் மீன் வாடைகூடப் படாமல் விரதம் இருப்பார். அவரா கோழிக் கூட்டில் கை வைப்பார்? சாரம் கட்டிய வீரய்யாவை இந்தக் கான்ஸ்டபிள் கனவில் பார்த்தாரா?"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. ராசிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சார்ஜன் முறைத்ததும் மூடிக்கொண்டார்.

"இந்தச் சாட்சியை நம்புவதற்கில்லை" என்று நீதவான் வீரய்யாவை விடுதலை செய்தார்.

"கொலசாமி மாதிரி வந்து காப்பாத்துனீங்கய்யா!" என்று வேலாயி வக்கீலின் காலில் விழுந்தாள். வீரய்யா கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஜெயித்த சந்தோஷத்தில் முத்துலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் தனியாக நின்ற ராசிக்கைச் சீண்டாமல் போக மனம் வரவில்லை.

"என்ன ராசிக், இனிமேலாவது கூண்டில ஏறினா கண்ணால பாத்ததை மட்டும் சொல்லுங்க."

ராசிக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பாத்ததைத்தான் ஐயா ஸ்டேஷன்ல மொதல்ல சொன்னேன். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கொண்டையில பூவும் கால்ல சலங்கையுமா ரதிதேவி சேவலோட ஓடுனாங்கன்னு சொன்னா எந்தக் கோர்ட்டுடா நம்பும், பேசாம சாரம்னு சொல்லுன்னு சார்ஜன்தான் மாத்தச் சொன்னாரு!"