ஏழாவது வரி

"ஒற்றைத் தலைவலிக்குப் புது மாத்திரை வந்திருக்காமே? ஒரு டப்பா கொடுங்க" என்றார் தையல்காரர்.

மருந்துக்கடைக்காரர் எடுத்து வைத்தார். தையல்காரர் மாத்திரையைத் தொடக்கூட இல்லை. உள்ளே எட்டாக மடித்திருந்த தாளை உருவி, துணியை நீவுவது போல் மேஜையில் நீவி விரித்தார்.

"அதை யாருமே படிக்க மாட்டாங்களே!"

"இந்த மாத்திரைக்கு என் வீட்டுக்காரியும் உழைச்சிருக்கா. அவளைப் பத்தி இதுல போட்டிருக்கு."

கடைக்காரர் வாயைப் பிளந்தார். "அவங்க விஞ்ஞானியா? இத்தனை வருஷம் மூச்சு விடலையே நீங்க!"

"விஞ்ஞானியா? என் கடையில பட்டன் தைக்கிறா."

தையல்காரரின் விரல் வரிகளை எண்ணிக்கொண்டே இறங்கி, ஏழாவதில் நின்றது. கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'சோதனையில் கலந்துகொண்ட 640 நோயாளிகளில் ஒருவருக்கு ஆறு வாரம் நாக்கில் சுவை தெரியவில்லை. பிறகு சரியாகிவிட்டது.'

"அந்த ஒருத்தர்..."

"சாட்சாத் அவளேதான்! ஆறு வாரம் உப்பில்லாத சாப்பாடு எனக்கு. பாதியில நின்னுடுன்னு கெஞ்சினேன். 'டாக்டரே பயமில்லைன்னுட்டார். நான் நின்னுட்டா, இது சரியாகுமா ஆகாதான்னு அடுத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டா."

"ஆனா பேரே போடலையே?"

தையல்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, 'ஒருவருக்கு' என்பதன் கீழ் அழுத்திக் கோடு போட்டார்.

"பேர் எதுக்குங்க? நாக்கு அவளோடது!"